மின்னூல் கருவிக்கு உறை வாங்குமுன் நாம் சிந்திக்க வேண்டியவை



கிண்டில், கோபோ போன்ற மின்னூல் கருவிகள் இன்று நம் சமுதாயத்தின் இல்லங்களிலும் இடம்பெறத் தொடங்கிவிட்டன. அரபுக் கல்லூரியில் பயிலும் பிள்ளைகள், வளைகுடா நாடுகளில் ஓர் அறையை நால்வரோடு பகிர்ந்து வாழும் சகோதரர்கள், பார்வை மங்கியதால் அச்சுப் புத்தகத்தையே மறந்துவிட்ட பெரியவர்கள் எனப் பலருக்கும் இக்கருவி பயனளித்து வருகிறது. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக் கொள்ளலாம். வெயிலிலும் படிக்கலாம். ஒருமுறை மின்னேற்றினால் பல நாட்கள், சில வேளை வாரக்கணக்கில் தாங்கும். குர்ஆன் மொழிபெயர்ப்பு, ஹதீஸ் தொகுப்பு, நபிவரலாறு, பாடநூல் யாவும் ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள ஒரு சிறு பலகைக்குள் அடங்கிவிடுகின்றன.

கருவியை வாங்கிய கையோடு எழும் கேள்வி, இதற்கு எத்தகைய உறை அல்லது பை வாங்குவது என்பதாகும். கேள்வி சிறிதுதான். ஆயினும் பொருளைப் பேணுதல், வீண்விரயம் தவிர்த்தல், ஹலாலான மூலப்பொருள், வேதத்துக்குரிய மரியாதை, வணிக நேர்மை ஆகிய அனைத்தும் இச்சிறு கேள்வியில் வந்து சேர்கின்றன. நம்முடைய கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். உறை என்பது கையிலிருக்கும் அமானிதத்தைக் காப்பதற்கான ஏற்பாடு. அந்த எல்லையைத் தாண்டும்போது அது பகட்டாகிறது. இன்னும் ஒரு படி மேலே சென்றால், படிக்காமல் இருப்பதற்கே அது ஒரு சாக்காகிவிடுகிறது.

பேணுதலும் மார்க்கமே

"ஓர் உறையைப் பற்றியெல்லாம் மார்க்கம் பேசுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். உறையின் பெயரைச் சொல்லி மார்க்கம் பேசவில்லை. ஆனால் பொருளைக் காப்பது பற்றி நிறையவே பேசியுள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) முதலான அறிஞர்கள் ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களை ஐந்தாக வகுத்தபோது, மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி ஆகியவற்றோடு பொருளைப் பாதுகாப்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். பொருளைப் பாழாக்குவதை அல்லாஹ் வெறுக்கிறான் என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

பொருளைப் பாழாக்குதல் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது ஆடம்பரச் செலவுதான். அதற்கு மற்றொரு முகமும் உண்டு. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருளைக் கவனமின்மையால் உடையவிடுவதும் பாழாக்குதலே. ஆகவே, "தேவையில்லை, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று கருவியை வெறுமனே பையில் போட்டுச் செல்வது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவனிடம் பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற நபிவழிப் பாடம் நாம் அனைவரும் சிறுவயதில் மக்தபிலேயே கேட்டதுதான்.

எது உடைகிறது, ஏன் உடைகிறது?

நல்ல உறையைத் தேர்வு செய்ய வேண்டுமாயின், எதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். மின்னூல் கருவியின் திரை கைப்பேசித் திரையைப் போன்றதன்று. அதன் உள்ளே, மிகச் சிறிய உறைகளில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. அவை எதிரெதிர் மின்னூட்டம் பெற்றவை. மின்புலத்தை மாற்றும்போது கறுப்போ வெள்ளையோ மேலெழுந்து எழுத்தாகத் தோன்றுகிறது. இவற்றை இயக்கும் மின்சுற்று பெரும்பாலான கருவிகளில் மெல்லிய கண்ணாடித் தகட்டின் மீது அமைந்துள்ளது. கைப்பேசியில் இருப்பது போன்ற தடித்த மேற்கண்ணாடி பல மாதிரிகளில் இல்லை.

ஆகவே இக்கருவிக்கு முதல் எதிரி கீறல் அன்று, அழுத்தம்தான். நெரிசல் மிக்க பேருந்தில் முதுகுப்பை நசுங்குதல், சாப்பாட்டு டப்பாவின் விளிம்பு திரையில் பதிதல், சாவிக்கொத்து ஓரிடத்தில் குத்துதல், படுக்கையில் வைத்த கருவியின் மீது குழந்தை அமர்தல் ஆகியவையே பெரும்பாலும் திரையைக் கெடுக்கின்றன. வெளிப்புறம் எந்தக் கீறலும் இராது. ஆனால் உள்ளிருக்கும் தகடு விரிசலுற்று, திரையின் ஒரு பாகம் அசையாத கோடுகளாக உறைந்துவிடும். இத்தகைய சேதத்தைப் பொதுவாக உத்தரவாதம் உள்ளடக்குவதில்லை. திரையை மாற்றும் செலவோ பல வேளைகளில் புதுக்கருவியின் விலையை நெருங்கிவிடுகிறது.

இதிலிருந்து தெளிவாகும் பாடம் ஒன்று. துணியாலோ நியோப்ரீன் எனும் மென்ரப்பராலோ ஆன மெல்லிய பை தூசியையும் கீறலையும் தடுக்கும், அழுத்தத்தைத் தடுக்காது. முன்புறம் விறைப்பான தகடு கொண்ட, புத்தக அட்டைபோல் மூடும் உறையே திரையைக் காக்கும். பின்புறம் மட்டும் பொருந்தும் சிலிக்கோன் உறை கைதவறி விழும்போது ஓரங்களைக் காக்குமேயன்றித் திரைக்கு எவ்விதப் பாதுகாப்பும் தராது. வீட்டிலேயே வைத்துப் படிப்பவருக்கு மென்பை போதும். நாள்தோறும் பேருந்திலும் இரயிலிலும் சுமந்து செல்பவருக்கு விறைப்பான உறை தேவை. அவரவர் தேவையே அளவுகோல்.

அளவும் முக்கியம். ஒரே பெயரில் வரும் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு உருவம் மாறுகின்றன. கிண்டில் பேப்பர்வைட் 2012 முதல் 2018 வரை வெளியான மாதிரிகளில் 6 அங்குலத் திரை கொண்டிருந்தது. 2021 மாதிரியில் 6.8 அங்குலமாகவும், 2024 மாதிரியில் 7 அங்குலமாகவும் வளர்ந்தது. ஒன்றுக்கு உரிய உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. திரை அளவு ஒன்றாக இருந்தாலும் உடலின் தடிமனும், மின்னேற்றும் துளையின் இடமும் வேறுபடலாம். எனவே பெயரை மட்டும் பாராமல், எந்தத் தலைமுறைக் கருவி என்பதைச் சரிபார்த்த பின்னரே வாங்க வேண்டும். உறையின் காந்தம் மூடும்போது கருவியை உறங்கச் செய்து, திறக்கும்போது விழிக்கச் செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

எடையையும் மறந்துவிடலாகாது. கருவி இலேசாக இருப்பதே அதன் சிறப்பு. அதன் எடையில் பாதிக்கும் மேலான உறையை மாட்டிவிட்டால், மூட்டுவலி உள்ள முதியவரால் அதை நெடுநேரம் பிடித்திருக்க இயலாது. அத்தகையோருக்கு, மடித்து நிறுத்தி வைக்கக்கூடிய உறை உகந்தது. குர்ஆனைத் தாங்க நம் முன்னோர் ரெஹால் பலகை அமைத்ததும் இதே தேவைக்காகத்தான்: கை ஓய்வு பெறும், நூல் தரையில் படாது, கண்ணுக்கு எதிரே நிற்கும்.

பணமும் அட்டைகளும் வைப்பதற்கு அறை கொண்ட உறைகளும் விற்கப்படுகின்றன. நாணயம் ஒன்றை அதில் இட்டு மூடினால், அழுத்தத்திலிருந்து காக்க வாங்கிய உறையே அழுத்தத்தை உண்டாக்கிவிடும். வளைகுடாவில் வாழும் சகோதரர்கள் வெப்பத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தத்தக்க வெப்பநிலை பெரும்பாலும் 35 பாகை செல்சியஸ் வரை என்றே குறிக்கப்படுகிறது. கோடைப் பகலில் நிறுத்தி வைத்த வாகனத்தின் உட்புறம் அதனைக் கடந்து செல்லும். எந்த உறையும் அவ்வெப்பத்தைத் தடுக்காது. கருவியை வாகனத்தில் விட்டுச் செல்லாமலிருப்பதே வழி.

தோலா, ரெக்சினா?

தோல் உறை என்றதும் சிலருக்கு ஐயம் எழுகிறது. அறுக்கப்படாத பிராணியின் தோலாக இருந்தால் என்ன செய்வது? இதற்கு நபியவர்களின் காலத்திலேயே விடை உண்டு. மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாக வழங்கப்பட்ட ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்திக் கொள்ளக்கூடாதா என்று கேட்டார்கள். அது செத்தது என்று கூறப்பட்டபோது, உண்பதே விலக்கப்பட்டது என்று தெளிவுபடுத்தினார்கள். இச்சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பதனிடுவதால் தோல் தூய்மை பெறும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் ஏற்கப்பட்ட சட்டம்.

பன்றித் தோல் மட்டும் அவ்விரு மத்ஹபுகளின் நிலைபெற்ற கருத்திலும் பதனிட்டாலும் தூய்மையாவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் தோலும் அவ்வாறே. காலணிகளின் உட்புறத்திலும் சில வகைப் பைகளிலும் பன்றித் தோல் பயன்படுவது உலகச் சந்தையில் வழக்கம். பதனிட்ட தோலின் மேற்பரப்பில் மயிர்த்துளைகள் மும்மூன்றாகக் கூடி இருப்பது பன்றித் தோலின் அடையாளம் என்று தோல் தொழிலில் உள்ளோர் கூறுவர். ஆனால் மேற்பரப்பைத் தேய்த்து அச்சிட்டுவிட்டால் இவ்வடையாளம் மறைந்துவிடும். எனவே எந்தப் பிராணியின் தோல் என்று குறிக்கப்படாத தோல் உறையை விடுத்து, மாடு அல்லது ஆட்டுத் தோல் எனத் தெளிவாகக் குறிப்பிட்டதை வாங்குவது பேணுதலான வழி. ஐயத்துக்குரியதை விட்டு ஐயமற்றதை நாடுவது மனத்துக்கும் அமைதி தரும்.

தோல் பற்றிப் பேசும்போது நம் சமுதாயத்துக்கு அதனோடு உள்ள உறவையும் நினைவுகூர வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் தலைமுறை தலைமுறையாக நம் மக்களின் தொழில். அத்தொழிலில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்த வள்ளல்கள் அங்கே வாழ்ந்தனர். 1919ஆம் ஆண்டு வாணியம்பாடியில் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரி அதற்குச் சான்று. மறுபுறம், பதனிடு ஆலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது குறித்து உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பும் நம் வரலாற்றின் பகுதியே. அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைக்காதிருத்தல் ஈமானின் அடையாளம் எனக் கற்ற நாம், நாம் வாங்கும் தோலுக்கு எவரோ ஒருவரின் கிணற்று நீர் விலையாகிவிடக் கூடாது என்று எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருட்களால் பதனிடுவது தென்னிந்தியாவில் பழங்காலம் முதல் இருந்து வரும் முறை. இன்றும் அவ்வகைத் தோல் கிடைக்கிறது. காலணியும் பையும் தைப்போரிடம் எஞ்சும் துண்டுத் தோலைக் கொண்டு, ஆம்பூரிலோ சென்னைப் பெரியமேட்டிலோ ஒரு கைவினைஞரிடம் உறை தைத்துக் கொண்டால், விரயமும் குறையும், ஓர் உழைப்பாளியின் வீட்டில் அடுப்பும் எரியும்.

ரெக்சின், பி.யு. எனப்படும் செயற்கைத் தோலில் ஹலால் குறித்த ஐயம் எழாது, விலையும் குறைவு. ஆனால் நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் அதன் மேற்பூச்சு சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய மலிவான உறை, பத்தாண்டு தாங்கும் உறையை விட உண்மையில் மலிவுதானா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசி உதிரிப்பொருள் வணிகத்தில் நம்மவர் பலர் உள்ளனர். ரெக்சினை "ஒரிஜினல் லெதர்" என்று கூறி விற்பதும், பொருந்தாத உறையைப் "பொருந்தும்" என்று தள்ளிவிடுவதும் வாடிக்கையாளர் அறியாத சிறு பொய்களாகத் தோன்றலாம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்து மக்கள் காணும்படி விற்றிருக்கக் கூடாதா என்று அவ்வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நமக்குத் தெரியும். நூறு ரூபாய் இலாபத்துக்காக பரக்கத்தை இழப்பது எத்தகைய வணிகம்?

அணைந்த பின்னும் நிலைக்கும் எழுத்து

கைப்பேசியில் குர்ஆன் செயலி இருந்தால் அதனை ஒளு இன்றித் தொடலாமா, கழிவறைக்குக் கொண்டு செல்லலாமா என்பன பற்றி உலமாக்கள் பலமுறை விளக்கியுள்ளனர். செயலி மூடப்பட்டுத் திரை அணைந்துவிட்டால் அங்கே எழுத்தே இல்லை. ஆகவே அது முஸ்ஹஃபின் சட்டத்தில் அடங்காது என்பது பெரும்பாலானோர் தரும் விளக்கம். வசனம் திரையில் தெரியும்போது அப்பகுதியைத் தொடுவதற்கு ஒளு வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பேணுதல் கருதி ஒளுவுடன் தொடுவதே சிறப்பு என்பர்.

மின்னூல் கருவியோ இவ்விஷயத்தில் கைப்பேசியிலிருந்து வேறுபடுகிறது. அதன் திரைக்கு மின்சாரம் தேவைப்படுவது பக்கத்தை மாற்றும்போது மட்டுமே. மாற்றிய பின், மின்சாரம் இல்லாமலேயே எழுத்து அங்கே நிலைத்திருக்கும். கருவி உறங்கும்போதும் திரை வெறுமையாவதில்லை. ஏதேனும் ஒரு படம் அதில் இருந்துகொண்டே இருக்கும். படிக்கும் நூலின் அட்டையையே உறங்கு திரையாகக் காட்டும் வசதி கிண்டிலில் 2021 முதல் உள்ளது. ஒருவர் குர்ஆன் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுக் கருவியை வைத்தால், இறைத் திருநாமம் பொறித்த அட்டைப் படம் அன்று முழுவதும் திரையில் நிற்கக்கூடும். அணைத்துவிட்டோம் என்று அவர் எண்ணியிருப்பார். எழுத்தோ அங்கேயே இருக்கும்.

இறைவனின் பெயர் பொறித்த மோதிரத்துடன் கழிவறைக்குச் செல்வதை ஃபிக்ஹ் நூல்கள் மக்ரூஹ் என்கின்றன. கழற்றி வைக்க இயலாதவர் அதை மறைத்துக்கொள்ளட்டும் என்றும் கூறுகின்றன. இதே அளவுகோலை நம் கருவிக்கும் பொருத்திப் பார்ப்பது தகும் என்று நாம் கருதுகிறோம். திரையை முழுமையாக மூடும் உறை இங்கே வெறும் பாதுகாப்புப் பொருளாக இல்லாமல், அதபின் பகுதியாகவே ஆகிறது. இதற்கு மேலும் எளிய வழி, அட்டையைக் காட்டும் வசதியை நிறுத்தி வைப்பது. ஃபத்வா வழங்கும் தகுதி நமக்கில்லை. உங்கள் ஊர் ஆலிம்களிடம், மின்மைத் திரையின் இத்தன்மையை விளக்கிக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கைப்பேசியைப் பற்றிய விடையை அப்படியே இதற்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

பையைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். பள்ளிவாசலுக்கு வரும் சிலர் செருப்பைப் பையிலிட்டு உள்ளே கொண்டு வருகின்றனர். அதே பையின் மற்றோர் அறையில் கருவியும் இருக்கிறது. தனி உறை இருந்தாலும் இது தவிர்க்கத்தக்கது. ஹவுளின் ஓரத்தில் ஒளு செய்யும்போது நீர் தெறிக்கும் இடத்தில் வைப்பதும் அவ்வாறே. சில கருவிகள் நீர்புகாத் தன்மை கொண்டவை. பேப்பர்வைட்டுக்கு அத்தன்மை 2018 மாதிரியிலிருந்து உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் அது உண்டு என்று எண்ணிவிடக் கூடாது.

வசனம் பொறித்த உறைகள்

ஆயத்துல் குர்ஸியோ, இறைத் திருநாமமோ அச்சிட்ட உறைகளும் பைகளும் விற்பனைக்கு வருகின்றன. நல்ல நோக்கத்தில் வாங்குகின்றனர். பார்க்கும்போதெல்லாம் இறைவனின் நினைவு வரும் என்கின்றனர். அவர்களுடைய நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் உறையின் இயல்பை எண்ணிப் பாருங்கள். அது தேய்வதற்காகவே உள்ள பொருள். மேசையிலும் தரையிலும் இருக்கையிலும் அது கிடக்கும்; கழிவறைக்குச் செல்லும் பையில் இருக்கும்; குழந்தை அதன் மீது காலை வைக்கும்; இறுதியில் கிழிந்து குப்பைக்குப் போகும். பழுதுபட்ட முஸ்ஹஃபின் தாள்களைக் கண்ணியத்துடன் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும் எனக் கற்றிருக்கும் நாம், குப்பைக்குச் செல்லவிருக்கும் பொருளின் மீது வசனத்தை ஏன் அச்சிட வேண்டும்? உள்ளே ஓதுவதற்கு இருக்கும் வசனத்தை வெளியே அலங்காரமாக ஒட்ட வேண்டியதில்லை. நிறம் ஒன்றே கொண்ட எளிய உறை இவ்விஷயத்தில் மிகப் பாதுகாப்பானது.

எவ்வளவு செலவிடலாம்?

அல் ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம், செலவில் விரயமும் கருமித்தனமும் இல்லாத நடுநிலையை இறையடியார்களின் பண்பாகக் கூறுகிறது. அந்நடுநிலைக்கு ரூபாய்க் கணக்கில் எல்லை வகுக்க நம்மால் இயலாது. எனினும் நடைமுறைக்கு ஓர் அளவை முன்வைக்கிறோம். கருவியின் விலையில் பத்தில் ஒரு பங்குக்குள், மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குக்குள் உறை அமையட்டும். அதற்கு மேல் செல்லும் விலை பெரும்பாலும் பாதுகாப்புக்குரியதாக இராது. பெயருக்கும் முத்திரைக்கும் உரியதாகவே இருக்கும். ஓர் உறை போதும். உடைக்கு ஏற்ற நிறத்தில் மூன்று நான்கு உறைகள் வைத்திருப்பதும், புதிய வடிவம் வந்தவுடன் நல்ல நிலையில் உள்ளதை எறிவதும் விரயமே.

அதற்கும் இயலாதவர்கள் வருந்த வேண்டாம். தடித்த பருத்தித் துணியை இரண்டு அடுக்காகத் தைத்து, திரைப் பக்கத்தில் பழைய கணக்கேட்டின் கெட்டி அட்டை ஒன்றைச் செருகிவிட்டால், பெரும்பாலான தேவைக்கு அது போதுமானது. தையல் தெரிந்த நம் சகோதரிகளுக்கு அரை மணி நேர வேலை. ஏழைப் பிள்ளைகளுக்குக் கருவி வழங்கும் அமைப்புகள், கருவியோடு இத்தகைய பையையும் சேர்த்தே வழங்கினால் அந்தத் தர்மம் நெடுநாள் நிலைக்கும். உடைந்து கிடக்கும் கருவியால் அப்பிள்ளைக்கு என்ன பயன்?

உறைக்குள் உறங்கும் நூல்

இப்போது நம் உள்ளத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம்.

இஸ்லாமிய நூற்கட்டுக் கலையில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. பின்னட்டையிலிருந்து ஒரு மடிப்பு நீண்டு, நூலின் திறந்த ஓரத்தைச் சுற்றி வந்து மூடும். அதனை அரபியில் லிசான், அதாவது நாக்கு என்பர். இன்றைய காந்த மூடி உறைகள் அதையே நினைவூட்டுகின்றன. அம்மடிப்பு தாளின் ஓரத்தைத் தூசியிலிருந்து காத்தது. படிப்பவர் எளிதில் திறக்கும்படியும் இருந்தது. நாள்தோறும் கையாளப்படும் நூல் என்பதால்தான் அதற்கு அத்தகைய பாதுகாப்புத் தேவைப்பட்டது.

நம் வீடுகளில் நிலைமை எவ்வாறு உள்ளது? திருமணச் சீரோடு வந்த முஸ்ஹஃப், வெல்வெட் பெட்டியில், சரிகை வேய்ந்த உறைக்குள், எவர் கையும் எட்டாத அலமாரியின் உச்சியில் இருக்கிறது. வீட்டில் மரணம் நேரும்போது மட்டும் இறக்கப்படுகிறது. மூன்றாம் நாள் மீண்டும் ஏறிவிடுகிறது. மரியாதை என்று நாம் நினைப்பது சில வேளை தூரமாகிவிட்டது. உயரத்தில் வைத்தோம், உள்ளத்தில் வைக்கவில்லை. உறை புதிதாகவே இருக்கிறது என்றால், அது நம் பேணுதலுக்குச் சான்றா, நம் அலட்சியத்துக்குச் சான்றா?

மின்னூல் கருவியும் இதே வழியில் செல்லத் தொடங்கியிருப்பதை நாம் காண்கிறோம். ரமளானுக்கு முன் ஆர்வத்துடன் வாங்கப்படுகிறது. அழகான உறை தேடி நாட்கள் செலவாகின்றன. நூற்றுக்கணக்கான நூல்கள் பதிவிறக்கப்படுகின்றன. ஷவ்வால் பிறந்ததும் அது மின்னேற்றப்படாமல் இழுப்பறையில் உறங்குகிறது. நூல்களைச் சேர்ப்பதும், கருவியை அலங்கரிப்பதும், படித்துவிட்டோம் என்ற பொய்யான மனநிறைவைத் தந்துவிடுகின்றன. மறுமையில் நாம் கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்தோம் என்று கேட்கப்படும். எத்தனை நூல்கள் பதிவிறக்கினோம் என்பது அதற்கு விடையாகாது.

இழப்பு நமக்கு மட்டும் அன்று. பார்வை மங்கிய தாய் ஒருவருக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தரும் அக்கருவி, மகனின் இழுப்பறையில் உறங்கும்போது அவருடைய மாலை வேளைகள் தொலைக்காட்சியின் முன் கழிகின்றன. நூல் வாங்க வசதியற்ற மாணவி ஒருவரின் கையில் அது இருந்திருந்தால் ஓராண்டுப் பாடம் முடிந்திருக்கும். பயன்படுத்தாத பொருளைப் பயன்படுத்துவோருக்கு இரவல் கொடுப்பதும் தர்மமே. சாதாரணப் புழங்கு பொருட்களைக்கூடக் கொடுக்க மறுப்போரைக் கண்டிக்கும் அல் மாஊன் அத்தியாயத்தை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம் அல்லவா?

ஆகவே உறை வாங்கச் செல்லுமுன் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. இக்கருவியை நான் எங்கே, எவ்வளவு நேரம் படிக்கப் போகிறேன்? அந்தப் பயன்பாட்டில் அதற்கு நேரக்கூடிய சேதம் எது? அதைத் தடுக்கப் போதுமான எளிய, ஹலாலான, நீடித்து உழைக்கும் உறை எது? திறப்பதற்கு எளிதாக இருக்கிறதா? பூட்டும் ஜிப்பும் பட்டையுமாகத் திறக்கவே சோம்பல் தரும் பையை விட, ஒரு விரலால் திறக்கும் உறை மேலானது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே கிடைக்கும் பத்து நிமிடத்தை அது நமக்கு மீட்டுத் தரும்.

தேய்ந்த உறையைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். ஓரம் மங்கி, விரல்பட்ட இடம் பளபளத்து, மடிப்பில் சுருக்கம் விழுந்த உறை, உள்ளிருக்கும் நூல் நாள்தோறும் திறக்கப்படுகிறது என்பதன் அடையாளம்.

பொருளைப் பேணவும், விரயத்தைத் தவிர்க்கவும், கற்றதன்படி நடக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.